அச்சுக்கு முந்தைய இரவில் வரும் பி.டி.எஃப்

டிசம்பர் கடைசியில் இரவு பதினொரு மணிக்குப் பதிப்பகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப் வரும். கூடவே ஒரு வரி: "காலையில அச்சுக்குப் போகுது, ஒரு தடவ பாத்துடுங்க." சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் கொண்டுவருபவர்களில் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருக்கும். திறந்து பார்த்தால் கதாபாத்திரத்தின் பேச்சு மாறியிருக்கும், ஒரு பத்தி காணாமல் போயிருக்கும். அப்புறம் எழுத்தாளர் இங்கே ஃபேஸ்புக்கில் வந்து பதிப்பாளரைக் குறை சொல்லி நீளமான பதிவு.

நான் கதை எழுதுகிறேன், சிறு பதிப்பகங்களுக்கு மெய்ப்பும் பார்க்கிறேன். அதனால் இப்படிப்பட்ட பதிவுகளுக்கு உடனே ஹார்ட் போட மனம் வருவதில்லை. நான் பார்த்த வரையில் திருத்தியதற்காக வந்த சண்டைகள் குறைவு. திருத்தியதைச் சொல்லாமல் விட்டதற்கும், கடைசி நேரத்தில் காட்டியதற்கும் வந்தவைதான் அதிகம்.

தோழி ஒருவரின் தொகுப்பில் நடந்தது இது. கதைகள் எல்லாம் ராமநாதபுரம் பக்கத்து மனிதர்களைப் பற்றியவை. "அவுக வந்தாக" என்றுதான் பேசுவார்கள். பதிப்பகத்தில் யாரோ ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு எல்லா 'வந்தாக'வையும் 'வந்தார்கள்' ஆக்கிவிட்டார்கள். விளைவு, "நீ கட்டாயம் வந்தாக வேண்டும்" என்ற வரி "நீ கட்டாயம் வந்தார்கள் வேண்டும்" என்று நின்றது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அதே ஆள் இன்னொரு கதையில் கடைசிப் பத்தியைத் தூக்கியிருந்தார். தோழிக்கு அதுதான் பெரிய கோபம். எனக்கோ அந்த வெட்டு சரியென்றே பட்டது, கதை முந்தைய வரியிலேயே முடிந்துவிட்டிருந்தது. ஆக, கோபத்தில் "எல்லாத்தையும் பழையபடி மாத்துங்க" என்று சொல்லியிருந்தால் அந்த நல்ல வெட்டும் போயிருக்கும்.

கடைசியில் தோழி செய்தது இதுதான். பக்க எண், வரி எண், இருப்பது, வேண்டியது என்று ஒரு அட்டவணை போட்டு அனுப்பினார். உரையாடலில் கை வைத்த இடங்கள் எல்லாம் மூலத்தில் உள்ளபடியே வேண்டும், விவரணையில் செய்த திருத்தங்கள் சம்மதம், கடைசிப் பத்தி வெட்டியபடியே இருக்கட்டும். பதிப்பாளர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். இதையே லேஅவுட் செய்பவரிடம், அதாவது பக்கம் கட்டுபவரிடம், வாய்ஸ் மெசேஜில் சொல்லிப் பாருங்கள், பத்தில் மூன்று விட்டுப்போகும்.

பதிப்பாளர் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிறு பதிப்பகம் என்றால் பெரும்பாலும் ஒரே ஆள். அவரே படித்து, அவரே திருத்தி, கூரியர் கட்டி, ஸ்டாலில் பில்லும் போடுவார். விற்பதோ நூறு, இருநூறு பிரதி. தனியாக ஒரு எடிட்டருக்குச் சம்பளம் கொடுக்க அவரால் முடியாது. 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், எழுத்தாளர் தரும் பிரதியைச் செம்மைப்படுத்துவதையே பதிப்பின் மையமாக வைத்திருந்தார். எல்லோரிடமும் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. உண்மையைச் சொன்னால், இங்கே பெரிய குறை திருத்தாமலே அச்சாகும் புத்தகங்கள்தான். உங்கள் பிரதியில் ஒருவர் சிவப்புக் கோடு போட்டிருந்தால், முதலில் அவர் படித்திருக்கிறார் என்று சந்தோஷப்படலாம்.

அதே நேரம், லேஅவுட்டுக்குப் போகும் முன்பே திருத்திய வேர்டு கோப்பை, எது எங்கே மாறியது என்று காட்டும் டிராக் சேஞ்சஸோடு கேளுங்கள். இதைப் பிரதி கொடுக்கும் நாளிலேயே மின்னஞ்சலில் எழுதிவிட வேண்டும். பக்கம் கட்டிய பிறகு எழுத்தாளர் "ஒரு முன்னுரை சேர்க்கணும்" என்று வந்தால் பதிப்பாளருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஆஃப்செட் அச்சில் பக்கங்களைப் பாரம் பாரமாக, அதாவது ஒரே தாளில் சேர்த்து ஓட்டுவார்கள்; ஒரு பாரம் பொதுவாகப் பதினாறு பக்கம், நீங்கள் சேர்க்கும் மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட்ட வேண்டியிருக்கும்.

சட்டமும் எழுத்தாளர் பக்கம் ஓரளவு நிற்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டாலும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதை ஆசிரியர் தடுக்கலாம். உரிமை மாற்றமே எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம்தான் கணக்கு. இருநூறு பிரதிக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை, அது வேறு விஷயம். ஆனால் "என் ஒப்புதலில்லாமல் உள்ளடக்கத்தில் மாற்றம் செய்யக்கூடாது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கக் காசு செலவில்லை. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கு என்று தனியாகப் பணம் கேட்டால் மட்டும் உஷாராக இருங்கள், இந்தியாவில் அது இலவசம்.

பிரதி அனுப்புவது பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே தொகுப்பை நாலு பதிப்பாளர்களுக்கு அனுப்புவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதை நாலு பேரிடமும் சொல்லுங்கள். ஒருவர் சரி என்றதும் அன்றைக்கே மற்ற மூவருக்கும் தெரிவித்துவிடுங்கள். ஒரு பதிப்பாளர் அட்டைக்கு ஓவியரிடம் பேசி முன்பணமும் கொடுத்த பிறகு, அதே புத்தகத்தின் அட்டையை வேறு பதிப்பகத்தின் பக்கத்தில் பார்த்த கதை எனக்குத் தெரியும். மூன்று மாதம் பதிலே இல்லையென்றால் ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் "திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று இரண்டு வரி. கதைகளைத் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தள்ளாமல், எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடு எழுத்தில் ஒரே கோப்பாக, எந்தக் கதை எந்த இதழில் வந்தது என்ற பட்டியலோடு கொடுத்தாலே பாதித் தலைவலி குறையும்.

புத்தகம் வந்தவுடன் இன்னொன்று கேட்டு வாங்குங்கள்: எல்லாத் திருத்தமும் ஏறிய கடைசிக் கோப்பு, யூனிகோடில். அதைப் பதிப்பாளரின் கணினியில் மட்டும் விட்டுவைத்து, பத்து வருஷம் கழித்து மறுபதிப்புக்குப் போனால், பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில், ஏதோ பழைய எழுத்துருவில் கிடக்கும். முழுப் புத்தகத்தையும் முதலிலிருந்து டைப் அடிக்கக் கொடுத்தவர்கள் இந்த நட்புப் பட்டியலிலேயே இருக்கிறார்கள்.