அந்த பெல்ட்டின் நீளத்தை எங்காவது எழுதி வைத்திருக்கக் கூடாதா?

மூன்று நாள் போய்விட்டது, ஒரு பெல்ட் மாற்ற. இன்ஜினைப் பிரிக்கவில்லை, கியர்பாக்ஸை இறக்கவில்லை. நீளவாக்கில் ஆறு வரி போட்ட ரப்பர் பெல்ட் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. சாதாரண வண்டியில் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கை கழுவப் போகலாம். எனக்கு மூன்று நாள் ஆனதற்குக் காரணம் ஒன்றுதான்: இந்த வண்டியை மாற்றியமைத்தவர், தான் என்ன செய்தார் என்று ஒரு துண்டுத் தாளில்கூட எழுதி வைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வாங்கும்போதே அது கை வைத்த வண்டி. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர், தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தது. முன்பு வைத்திருந்தவர் அதில் பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லியைப் பிடுங்கிவிட்டுச் சின்ன புல்லி போட்டிருந்தார். ஏன் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்ஜினின் கிராங்க் தண்டில் இருக்கும் புல்லியின் விட்டம் 165 மி.மீ., சூப்பர்சார்ஜர் புல்லி 75 மி.மீ. என்று வையுங்கள். இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் சூப்பர்சார்ஜர் 2.2 சுற்று சுற்றும். அந்த 75-ஐ 65 ஆக்கினால் 2.54 சுற்று. இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் போகும்போது முன்பு 13,200-ல் சுற்றியது இப்போது 15,200-ஐத் தாண்டும். காற்று அதிகம் உள்ளே போகும், பூஸ்ட் எனும் காற்றழுத்தம் ஏறும், வண்டி பறக்கும். எல்லோருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். இதன் மறுபக்கத்தை மட்டும் யாரும் பேச மாட்டார்கள். பாதிச் சுற்றை பெல்ட் தழுவியிருக்கிறது என்று வைத்தால், 75 மி.மீ. புல்லியில் அது தொடும் நீளம் 118 மி.மீ.; 65-ல் வெறும் 102. பிடிக்க வேண்டிய சுமை கூடுகிறது, பிடிக்கும் இடம் குறைகிறது. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்நேட்டருக்கு இரண்டு மூன்று குதிரைத்திறன் கொடுத்துக்கொண்டிருந்த அதே அகலப் பெல்ட், சூப்பர்சார்ஜருக்குப் பத்து பத்தாக அள்ளிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அது என்ன பாவம் செய்தது?

அறுந்தது இரவில். ஏற்றத்தில் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன், பானெட்டுக்குள் யாரோ சாட்டையால் அடித்த மாதிரி ‘பட்டார்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பேட்டரி விளக்கு எரிகிறது, ரப்பர் கருகும் வாடை காற்றோட்டத் துளை வழியே உள்ளே வருகிறது. இந்த வண்டியில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. அதாவது பெல்ட் போனால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சுற்றாது; “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைத்தேன். அந்த ஒன்றாவது சரியாகச் செய்தேன்.

இத்தனைக்கும் ஒரு மாதம் முன்புதான் ஒரு மெக்கானிக்கிடம் காட்டியிருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “வெடிப்பு ஒண்ணுமே இல்ல சார், இன்னும் ரொம்ப நாள் ஓடும்” என்றார். இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது! வெடிப்பைப் பார்த்து பெல்ட்டை எடை போட்டது நியோபிரீன் ரப்பர் பெல்ட் காலத்து வழக்கம். இப்போது வருவது பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற வேறு ரக ரப்பர். அது லேசில் வெடிக்காது, தேயும். டயர் தேய்வது போல வரிகளின் பக்கச் சுவர் தேய்ந்து பள்ளம் அகலமாகிக்கொண்டே போகும். கடைசியில் பெல்ட் புல்லியின் பள்ளத்தில் அடி வரை இறங்கி உட்கார்ந்துவிடும். பக்கவாட்டுப் பிடிப்பு போய்விடும். மேலே பார்த்தால் புதுசு மாதிரி கறுப்பாக, வழவழப்பாக இருக்கும். பள்ளத்தின் ஆழத்தைப் பார்க்க ஒரு சின்ன அளவுகோல் இருக்கிறது, நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு. அதை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் யாருக்கும் இல்லை.

சரி, மறுநாள் காலை பானெட்டைத் திறந்தேன். பாதி பெல்ட்டைக் காணோம், சாலையில் எங்கோ உதிர்ந்துவிட்டது. மீதி நூல் நூலாகப் பிரிந்து கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. இடுக்கியை விட்டு ஒவ்வொரு இழையாக இழுத்தேன். இதில் அவசரப்படக் கூடாது. அந்த நார் கிராங்க் முன்பக்க ஆயில் சீலுக்குள் இழுபட்டுப் போனால் கதை பெல்ட்டோடு முடியாது. சீல் கிழியும், ஆயில் கசியும், சில இன்ஜின்களில் துண்டுகள் உள்ளேயே போய்ச் சேர்ந்த கதையும் உண்டு. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக் கடைசி இழை வரை எடுக்கவே மதியமாகிவிட்டது. புல்லியின் பள்ளங்களில் உருகி ஒட்டியிருந்த ரப்பரைப் பிரஷ் போட்டுத் தேய்த்தது தனி வேலை.

கிடைத்த துண்டுகளைத் தரையில் பரப்பி எண்ணைத் தேடினேன். பெல்ட்டின் முதுகில் அச்சடித்திருப்பார்களே, 6பிகே என்று தொடங்கி நான்கு இலக்கம் வரும். ஆறு வரி, அப்புறம் மி.மீ.யில் நீளம். அந்த முதுகு, பெல்ட் பாதையை வளைத்துவிடும் வெறும் சக்கரமான ஐட்லர் மேல் உரசி உரசி பளபளவென்று ஆகியிருந்தது. ‘6பி’யும் ஒரு ‘1’-உம் தெரிந்தன. மீதி எல்லாம் அழிந்துவிட்டது.

வண்டியோடு வந்த கையேட்டில் 1885 என்று இருக்கிறது. ஆனால் புல்லி சிறியது. புல்லி 10 மி.மீ. சுருங்கினால் பாதிச் சுற்றுக்கு ஏறக்குறைய 16 மி.மீ. பெல்ட் மிச்சமாகும், அப்படியானால் 1870 சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கேட்டவர்களும் அதையே சொன்னார்கள்: “சின்ன புல்லின்னா சின்ன பெல்ட் சார்.” கடையில் கவுன்டரில் நின்றவரோ, “வண்டி என்ன வருஷம், என்ன மாடல் சொல்லுங்க” என்பதைத் தாண்டி எதையும் கேட்கத் தயாராக இல்லை. புல்லி மாற்றியிருக்கிறது என்கிறேன். கம்ப்யூட்டரைப் பார்த்து, “1885 தான் காட்டுது” என்கிறார். நீளத்தைச் சொன்னால் தருவீர்களா என்று மூன்று முறை கேட்ட பிறகுதான் 1870 கைக்கு வந்தது.

வந்ததை மாட்டப் போனால் ஏறவே இல்லை. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை, பிரேக்கர் பார் என்ற நீளக் கைப்பிடி போட்டு அதன் எல்லை வரை தள்ளிப் பிடித்தும் கடைசிப் புல்லிக்கு ஒரு விரற்கடைக்கு மேல் குறைகிறது. பார் வழுக்கி விரல் முட்டி இரண்டும் பெயர்ந்தன. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்க்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. கையேட்டிலும் இல்லாத, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த பெல்ட் பாதைப் படத்திலும் இல்லாத ஒரு ஐட்லர்! சூப்பர்சார்ஜர் புல்லிக்குப் பக்கத்தில், வீட்டில் வெட்டிச் செய்த மாதிரி ஒரு தகட்டில் பூட்டியிருக்கிறது. பெல்ட்டின் முதுகை உள்ளே அழுத்தி, சின்ன புல்லியை அதிகம் தழுவ வைப்பதற்காக. யோசனை நல்ல யோசனை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வளைவால் பாதை நீண்டுவிட்டது. குறைய வேண்டிய பெல்ட் கூடியிருக்கிறது. இதை வண்டி விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

முன்பு வைத்திருந்தவருக்குப் போன் செய்து கேட்டேன். “நான் ஒரு கடையில குடுத்துப் போட்டேங்க, என்ன சைஸ்னு எனக்குத் தெரியாது” என்றார். கடை பெயர் கேட்டேன், மூடிவிட்டார்களாம். வண்டியைக் காட்டி எத்தனை பூஸ்ட், எத்தனை குதிரைத்திறன், எந்தப் புகைக்குழாய் என்று முக்கால் மணி நேரம் பேசிய அதே மனிதர்! இந்த நாலு இலக்கம் மட்டும் தெரியாது.

இரண்டாம் நாள் முழுக்க அளப்பதில் போனது. நீளாத மெல்லிய கயிறு ஒன்றை எடுத்து, டென்ஷனரை அதன் ஓட்டத்தில் நடுவில் நிறுத்தி, புல்லிகளின் மேல் விளிம்போடு பாதை முழுக்கச் சுற்ற வேண்டும். சொல்ல எளிது. இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் வண்டியில் புல்லிப் பக்கம் உடல் தகட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்குத்தான் இடம். அதிலும் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் பாதையை மறிக்கிறது. ஆயில் தொட்டிக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கி, மவுண்டைக் கழற்றினால்தான் வழி. ஒரு பக்கம் கயிற்றைப் பிடித்தால் மறுபக்கம் நழுவுகிறது. ஒவ்வொரு புல்லியிலும் காகித டேப் ஒட்டி ஒட்டிப் போனேன். ஐந்து முறை அளந்தேன். 1908, 1902, 1906, 1911, 1905. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: பெல்ட்டின் முதுகோடு அளந்தால் வரும் நீளமும், அச்சில் போடும் நீளமும் ஒன்றல்ல. வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வரும். பழைய பெல்ட்டை வெட்டி நீட்டி டேப் வைத்து அளந்து வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். 1905 வாங்கினேன். ஏறியது. டென்ஷனரின் குறிமுள் இரண்டு எல்லைக் கோடுகளுக்கும் நடுவில் வந்து நின்றது. அந்த முள்ளைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

நிம்மதி ஒரு ராத்திரிதான். மூன்றாம் நாள் காலை கிளப்பினால் ‘கிச் கிச் கிச்’ என்று குருவி மாதிரி ஒரு சத்தம். உடனே ஆளாளுக்கு வைத்தியம். சோப்பைத் தேய்க்கச் சொன்னார் ஒருவர். பெல்ட் ஸ்பிரே அடித்தால் கப்பென்று நிற்கும் என்றார் இன்னொருவர். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஸ்பிரே பிசுபிசுப்பை ஏற்றிச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் மறைக்கும், தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும், கோளாறு அப்படியே இருக்கும். பெல்ட் ஏன் கத்துகிறது என்று கேட்க வேண்டும், வாயைக் கட்டக் கூடாது. இதற்குத் தண்ணீர் போதும். இன்ஜின் ஓடும்போது, கையும் துணியும் பெல்ட்டுக்கு எட்டாத தூரத்தில் நின்று, வரிப்பக்கத்தில் கொஞ்சம் தெளியுங்கள். சத்தம் கூடினால் வழுக்கல், அதாவது இழுவிசை போதவில்லை. சத்தம் நின்று, காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. எனக்கு நின்றது, ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தது.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். கிராங்க் புல்லியின் முகத்தில் நேர்ச் சட்டம் ஒன்றை வைத்து நீட்டிப் பார்த்தால், சூப்பர்சார்ஜர் புல்லி 2 மி.மீ. வெளியே நிற்கிறது. இரண்டு புல்லிக்கு நடுவே 30 செ.மீ. தூரம் என்றால் ஒன்றரை மி.மீ. விலகல்தான் எல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே தூரம் அதைவிடக் குறைவு, விலகல் அதைவிட அதிகம். இந்தப் புல்லியை போல்ட் போட்டுப் பூட்டுவதில்லை, தண்டின் மேல் இறுக்கி அழுத்தி ஏற்றுவார்கள். ஏற்றியவர் பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். பழைய பெல்ட் துண்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு ஓரம் மட்டும் சீப்பு மாதிரி பிய்ந்திருந்தது, வெளி நூல் தனியே வந்திருந்தது. அறுந்ததற்கு அதுதான் காரணம். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் அந்த ஓரம் அறுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது! ஏற்றும் நாளில் ஒரு சட்டத்தை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

1929 வாக்கில் வந்த பிளோவர் பென்ட்லி என்ற பந்தயக் காரில் சூப்பர்சார்ஜர் ரேடியேட்டருக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், கிராங்க் தண்டின் முனையிலிருந்து நேராக ஓடும், நடுவில் பெல்ட்டே கிடையாது. மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தப் படத்தைப் பார்த்தபோது பொறாமையாகத்தான் இருந்தது.

புல்லியை அழுத்தும் கருவியை நண்பரிடம் இரவல் வாங்கி, கால் திருப்பு திருப்பி, சட்டம் வைத்துப் பார்த்து, மறுபடி கால் திருப்பு என்று அந்த 2 மி.மீ.யை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தேன். கூடுதல் ஐட்லரைக் கையால் சுற்றினால் மணல் அரைப்பது போல உணர்ந்தது, பேரிங்கையும் மாற்றினேன். பெல்ட் ஏறியது. கிளப்பினேன், சத்தம் இல்லை. தண்ணீர் தெளித்தேன், அப்போதும் இல்லை. 3000-க்கு ஏற்றினேன், இல்லை.

அப்புறம் பானெட்டுக்கு அடியில் இருந்த பழைய பாதைப் படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வரைந்து ஒட்டினேன். எட்டு வட்டம், அம்புக்குறி, கூடுதல் ஐட்லருக்குச் சிவப்பு. கீழே அழியாத மையில்: ‘6பிகே 1905. கையேட்டில் இருக்கும் 1885 பொருந்தாது. சூப்பர்சார்ஜர் புல்லி 65 மி.மீ. ஐட்லர் பேரிங் இன்று மாற்றியது.’ தேதியும் ஓடிய கிலோமீட்டரும் போட்டேன். எழுத எனக்கு நான்கு நிமிடம் ஆனது. அதே அளவில் இன்னொரு பெல்ட் பின்பெட்டியில் கிடக்கிறது, கூடவே அந்த பிரேக்கர் பாரும்.

மாற்றியமைத்துக் கொடுக்கும் கடைக்காரர்களே, வண்டியைக் கைமாற்றிவிடும் நண்பர்களே, அந்த நான்கு நிமிடத்தைத்தான் கேட்கிறேன்.