சனிக்கிழமை மண்டபத்தில் சிரித்தவர்களுக்கு

எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாட்களாக இருந்தேன். விழாக் குழுவிலிருந்து இரண்டு அண்ணன்மார் போன் செய்து, "விட்டுவிடு தங்கச்சி, நம் சனத்துக்குள் எதற்கு மனக்கசப்பு" என்றார்கள். விட்டுவிட்டேன். நேற்று இரவு, அன்று பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்த அதே மனிதர், 'ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்கு 33 பில்லியன் டாலர் கொடுத்தோம்' என்கிற படத்தை நம் மெல்பன் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அடியில் வரிசையாகக் கைதட்டல்கள். அதற்கு மேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் நான்கு விதமாகக் காதுக்கு வந்திருக்கும். குத்துவிளக்கு ஏற்றிய பிறகு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் பிள்ளை மேடையில் நின்று, இந்த மண்ணின் பூர்வகுடிகளான வுருண்ட்ஜெரி மக்களுக்கு மரியாதை செலுத்தும் நான்கு வரிகளைத் தமிழில் வாசித்தாள். யாரோ எழுதிக் கொடுத்ததில்லை, அவளே எழுதியது. இரண்டாவது வரியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எல்லாவற்றையும் இலவசமாக வாங்கிக் குடிக்கிறவர்களுக்கு நாம் எதற்குக் கும்பிடு போட வேண்டும்?" ஒரு வரிசையே சிரித்தது. மூன்றாவது வரியில் பிள்ளையின் குரல் உடைந்தது. ஆனாலும் படித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

இலவசம். அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு முழுவதும்.

முதலில் அந்தப் படத்துக்கே வருகிறேன். அந்தத் தொகை பொய்யில்லை. ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2017இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. 2015-16ஆம் ஆண்டில் பூர்வகுடி மக்களுக்காக மத்திய, மாநில அரசுகள் செய்த செலவு 33.4 பில்லியன் டாலர். ஆனால் அதே அறிக்கை அடுத்து என்ன சொல்கிறது என்பதைப் படம் தயாரித்தவர் வெட்டிவிட்டார். பூர்வகுடிகளுக்கென்றே தனியாக ஒதுக்கியது அதில் 6 பில்லியன்தான். மீதி 27.4 பில்லியன், உங்களுக்கும் எனக்கும் ஆகிற அதே பொதுச் செலவில் அவர்களுடைய பங்கு: பள்ளிக்கூடம், மருத்துவமனை, போலீஸ். ராணுவச் செலவில்கூடத் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். சிறைச்சாலைச் செலவும் அதற்குள்தான் வருகிறது.

ஒருவரைச் சிறையில் அடைத்து, காவலருக்குச் சம்பளம் கொடுத்து, அந்தச் செலவை அடைபட்டவர் பேரில் எழுதி, "இதோ, இவர்களுக்கு இவ்வளவு கொடுத்தோம்" என்று காட்டினால் அதற்குப் பெயர் இலவசமா அண்ணா?

காவலில் நிகழ்ந்த பூர்வகுடி மரணங்களை விசாரித்த அரச ஆணையம் 1991இல் அறிக்கை கொடுத்தது. 99 மரணங்களை விசாரித்து 339 பரிந்துரைகள் செய்தது. அப்போது நாட்டுச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் பூர்வகுடி. இன்று மூன்றில் ஒருவருக்கும் மேல். மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அந்த அறிக்கைக்குப் பிறகும் காவலில் இறந்த பூர்வகுடிகள் 500க்கும் மேல். இந்தச் செலவெல்லாம் உங்கள் படத்தில் 'கொடுத்த பணம்' என்று நிற்கிறது.

இதை எழுத நான் யார் என்று கேட்கப் போகிறவர்களுக்கு: நான் நர்ஸ். மெல்பனுக்கு வருவதற்கு முன் நான்கு ஆண்டுகள் மத்திய ஆஸ்திரேலியாவில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்தேன். விசாவுக்காகப் போனவள்தான், சேவை செய்யப் போகவில்லை. போகும்போது என் தலைக்குள்ளும் உங்கள் தலைக்குள் இருக்கிற அதே கதைதான் இருந்தது.

அங்கே ஓர் அம்மா வருவார். பெயர் சொல்ல மாட்டேன். இறந்தவர் பெயரை உச்சரிப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். அவருடைய ஊர் மேற்குப் பாலைவனத்தில், ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே டயாலிசிஸ் கிடையாது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்பதால் ஊரை விட்டு நகரத்துக்கு வந்து, உறவுக்காரர் வீட்டில் பத்துப் பேரோடு பதினோராவது ஆளாகப் படுத்திருந்தார். ஒருமுறை சொல்லாமல் போய்விட்டார். இரண்டு சிகிச்சை தவறியது. திரும்ப வரும்போது உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சு வாங்க, விமானத்தில் கொண்டு வந்து இறக்கினார்கள். அவருடைய கோப்பில் நான் என் கையால் எழுதினேன்: 'சிகிச்சைக்கு ஒத்துழைப்பதில்லை.'

எங்களோடு வேலை செய்த பூர்வகுடி சுகாதாரப் பணியாளர் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார். "அவருடைய அக்காவைப் புதைக்கப் போயிருந்தார். உன் அப்பா செத்தபோது நீ எங்கே போனாய்?" என்று கேட்டார்.

நான் எங்கே போனேன்? சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் ஊருக்குப் போனேன். இரண்டு விமானம், ஒரு ரயில், ஒரு பஸ். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை இருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். நான் ஒத்துழைக்கவில்லை என்று என் கோப்பில் யாரும் எழுதவில்லை. இழவுக்குப் போகாமல் இருந்தால் நம் ஊரில் முகத்தில் விழிப்பார்களா? அவர்கள் போனால் மட்டும் அது பொறுப்பில்லாத்தனமாக எனக்கு எப்படித் தெரிந்தது? அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அந்தப் பாலைவன ஊர்களுக்கு டயாலிசிஸ் எப்படி வந்தது தெரியுமா? சொல்கிறேன், கேளுங்கள். கின்டோர், கிவிர்குரா ஊர்களின் பின்துப்பி ஓவியர்கள், ஆண்களும் பெண்களும் தனித்தனிக் குழுவாக உட்கார்ந்து பெரிய ஓவியங்களை வரைந்தார்கள். 2000ஆம் ஆண்டு நவம்பரில் சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் அவை ஏலம் போயின. பத்து லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அந்தப் பணத்தில்தான் பர்பிள் ஹவுஸ் என்று இன்று எல்லோரும் சொல்லும் அமைப்பு தொடங்கியது. 2004இல் கின்டோரில் முதல் டயாலிசிஸ் நடந்தது. அதன்பின் ஊர் ஊராகப் பரவியது. கருவியை வைத்து ஓட்டிப் போகும் ஒரு லாரிகூட அவர்களிடம் இருக்கிறது. தொலைதூர டயாலிசிஸுக்கு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் தனிக் கட்டணம் கொடுக்கத் தொடங்கியது 2018இல்தான்.

சிறுநீரகம் போனவர்கள் தங்கள் ஊரில் சாக வேண்டும் என்பதற்காக அல்ல, தங்கள் ஊரில் வாழ வேண்டும் என்பதற்காகப் படம் வரைந்து விற்று மெஷின் வாங்கினார்கள். எனக்கோ உங்களுக்கோ சிறுநீரகம் பழுதானால் மெல்பனில் வீட்டுக்குப் பக்கத்திலேயே டயாலிசிஸ் கிடைக்கும். நாம் எந்தப் படத்தையும் விற்க வேண்டியதில்லை. இப்போது சொல்லுங்கள், இலவசம் யாருக்கு?

"அப்படியானால் அரசு ஒன்றுமே செய்யவில்லையா?" என்று கேட்பீர்கள். செய்கிறது. 2008 பிப்ரவரி 13 அன்று அப்போதைய பிரதமர் கெவின் ரட், அரசே பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த பூர்வகுடிப் பிள்ளைகளிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு, பூர்வகுடிகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்போம் என்று, 'க்ளோசிங் த கேப்' என்ற பெயரில், ஆயுள், குழந்தை மரணம், படிப்பு, வேலை என இலக்குகளும் ஆண்டுகளும் குறித்தார்கள். 2020இல் கணக்குப் பார்த்தபோது ஏழு இலக்குகளில் இரண்டுதான் சரியான பாதையில் இருந்தன. அந்த ஆண்டு ஜூலையில் புதிய ஒப்பந்தம். இந்த முறை பூர்வகுடி அமைப்புகளின் கூட்டணியும் கையெழுத்திட்டது. முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பகிர்வோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் அதே உற்பத்தித்திறன் ஆணையம், அரசுகள் பெரும்பாலும் பழைய மாதிரியேதான் நடந்துகொள்கின்றன என்று சொன்னது. 2025 கணக்கில் 19 இலக்குகளில் நான்குதான் பாதையில் இருக்கின்றன. சிறை, தற்கொலை, குடும்பத்திலிருந்து பிரித்து வளர்க்கப்படும் பிள்ளைகள் ஆகியவற்றில் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கிறது. 2020-22 கணக்குப்படி பூர்வகுடி ஆணின் ஆயுள் 71.9 ஆண்டு. மற்ற ஆண்களைவிட 8.8 ஆண்டு குறைவு.

இந்தத் தோல்வியைக் காட்டித்தான் "எவ்வளவு கொட்டினாலும் ஓட்டைப் பானை" என்கிறீர்கள். பானையைச் செய்தவர் யார், அதில் என்ன ஊற்ற வேண்டும் என்று முடிவெடுத்தவர் யார்? 2007இல் வடபிரதேசத்துக்கு ராணுவத்தை அனுப்பி, இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே நிறுத்தி வைத்து, உதவித்தொகையில் பாதியைப் பிடித்து, பிறகு அதை ஓர் அட்டைக்குள் பூட்டினார்கள். எந்தக் கடையில் எதை வாங்கலாம் என்பதை அட்டை சொல்லும். நான் போன காலத்திலும் அந்த அட்டை இருந்தது. பேரன் பேத்தி எடுத்த ஒரு பெண், கடை வரிசையில் எல்லோரும் பார்க்க, அட்டையில் பணமில்லை என்று பால் டின்னைத் திருப்பி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மக்களைக் கேட்டா அதைச் செய்தார்கள்? அவர்களே தொடங்கி நடத்துவது நிற்கிறது. சிட்னியின் ரெட்ஃபெர்னில் 1971இல் தொடங்கிய பூர்வகுடி மருத்துவ நிலையம் இன்றும் இருக்கிறது. கேட்காமல் கொண்டுவந்து இறக்கியதுதான் ஒன்று மாற்றி ஒன்றாக விழுகிறது. கேட்டுச் செய்யுங்கள் என்பதைத்தான் அவர்கள் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்கிறார்கள்.

குடியைப் பற்றி. குடி இருக்கிறது, அதனால் வந்த காயங்களை இரவுப் பணியில் நானே தைத்திருக்கிறேன், மறுக்க மாட்டேன். ஆனால் மதுவே வேண்டாம் என்று தாங்களாகவே ஊர்க்கட்டுப்பாடு வைத்த பூர்வகுடி ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன. டாஸ்மாக் வாசலைப் பார்த்து வளர்ந்த நாம் இன்னோர் இனத்தைக் குடிகாரர்கள் என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

"2023 வாக்கெடுப்பில் நாடே வேண்டாம் என்றதே" என்கிறார் ஒரு தம்பி. ஆமாம், நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். பூர்வகுடித் தலைவர்களிலேயே சிலர் எதிர்த்தார்கள், அவர்களுக்கு அவர்கள் காரணம். அந்த வாக்கு, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஒரு பூர்வகுடி அவை பற்றியது. ஒரு பிள்ளையை மேடையில் அழவைக்க அது யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை.

"நாங்கள் உழைத்து முன்னேறினோம், அவர்கள் உழைக்கட்டுமே" என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அவர்கள் உழைக்கவில்லையா? வேவ் ஹில் மாட்டுப் பண்ணையில் உழைத்த குரிண்ட்ஜி மக்கள் 1966இல் தங்கள் தலைவர் வின்சென்ட் லிங்கியாரியின் பின்னால் வெளிநடப்புச் செய்தது நியாயமான கூலியும் தங்கள் நிலமும் கேட்டுத்தானே? குயின்ஸ்லாந்தில் பூர்வகுடித் தொழிலாளரின் கூலியை அரசே பிடித்து வைத்துக்கொண்டது. 2019இல்தான், வழக்குப் போட்ட பிறகு, 190 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனை பேர் செத்துப் போனார்கள். எனக்கு முதல் மாதச் சம்பளமே வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது.

அண்ணா, ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நீங்களும் நானும் பக்கத்துப் பக்கத்து ஊர். சத்துணவு வரிசையில் தட்டு ஏந்தி உட்கார்ந்துதான் நான் படித்தேன். முட்டை போடும் நாளில் காய்ச்சல் அடித்தாலும் பள்ளிக்கூடம் போவேன். இலவச பஸ் பாஸில்தான் மேல்நிலைப் பள்ளிக்குப் போனேன். ஒரு நடத்துநர் தினமும் "ஓசியெல்லாம் பின்னால் போ" என்பார். காசு கொடுத்தவர்கள் இறங்கிய பிறகுதான் நாங்கள் இறங்க வேண்டும். பதின்மூன்று வயதில் கேட்ட அந்தச் சொல் நாற்பது வயதிலும் காதில் இருக்கிறது. அந்தச் சோறும் அந்தப் பாஸும் பிச்சை என்று இன்று எவராவது சொன்னால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? உங்கள் முகநூல் பக்கத்தில் எத்தனை சண்டை போட்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அது நம் உரிமை என்று நீங்கள் எழுதியதை நானே பகிர்ந்திருக்கிறேன். கடல் தாண்டியதும் நீங்கள் அந்த நடத்துநரின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்களே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பதிவைப் படித்துவிட்டு என்னைக் குழுவிலிருந்து நீக்கினாலும் பரவாயில்லை. நேற்று அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் பேசினேன். பொங்கல் விழாவுக்கு மேடை ஏற மாட்டேன் என்கிறாளாம். "நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா அம்மா?" என்று இரண்டு தடவை கேட்டாளாம். அவர்கள் வீட்டு எண் உங்களிடம் இருக்கிறது. எனக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். அவளை அழைத்துப் பேசுங்கள்.