இரண்டரை லட்சமும் ஒன்றரை வோல்ட்டும்

கிணற்று மோட்டார் எரிந்துபோனால் எங்கள் பக்கத்தில் யாரும் முதலில் கம்பெனிக்குப் போன் செய்வதில்லை. காயில் கட்டுகிற கடைக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வந்து மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோவார், பழைய செம்புக் கம்பியை எடை போட்டுக் கூலியில் கழித்துக்கொள்வார், இரண்டொரு நாளில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். அதனால் மோட்டார் வாங்கும்போதே, சாமான் எங்கே கிடைக்கும், யார் வந்து பார்ப்பார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டுதான் விலையைப் பேசுவோம். கோவையில் பம்புசெட் வாங்கும் எந்த விவசாயிக்கும் இருக்கிற இந்தப் புத்தி, 2022இல் இரண்டரை லட்ச ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கியபோது எனக்கு இல்லாமல் போயிற்று. ஏசி போட்ட அறையும் மெத்தென்ற கம்பளமும் கையில் கொடுத்த காபியும் சேர்ந்து என்னை மயக்கிவிட்டன என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனாலும் பாதித் தவறு என்னுடையது.

விற்றவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி எவ்வளவு செலவு செய்வீர்கள் என்பது. அறையின் அளவைக் கேட்கவில்லை. என் அறை 14 அடி நீளம், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்தக் கணக்கில் 14 அடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸ் ஒலி தேங்கி நின்று வீங்கும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்தத் தந்தியைத் தொடும்போதெல்லாம் பாட்டு காணாமல் போய் அறை மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே இழுத்து, நாற்காலியை அறையின் கடைசிச் சுவரைவிட்டு நகர்த்திப் போட்டபின் அது அடங்கியது. தரையின் கணீரென்ற எதிரொலியை இரண்டாக மடித்து விரித்த பவானி ஜமுக்காளம் பார்த்துக்கொண்டது. விற்றவர் வீட்டுக்கு வந்து சொல்லித்தர வேண்டியது இதைத்தான். அவரோ மூன்று மீட்டர் கேபிளை 18,000 ரூபாய்க்குத் தலையில் கட்டுவதில் கவனமாக இருந்தார். அதே நீளத்துக்கு இரண்டரை ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் போட்டால், போக வர மொத்தத் தடையே 0.04 ஓம் அளவுதான். மோட்டாருக்கு ஒயர் இழுத்த எவரும் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள். நான் போடவில்லை.

பதினோராவது மாதம் இடப்பக்க ஸ்பீக்கரில் அடிநாதம் பாதியாகக் குறைந்தது. வாரண்டி இரண்டு வருடம் என்பதால் நம்பிக்கையோடுதான் கடைக்குப் போன் செய்தேன். பொருளைப் பார்க்காமலேயே தீர்ப்பு வந்தது: உங்கள் ஆம்ப்ளிஃபயர் போதாது, சத்தத்தைக் கூட்டி நீங்களே எரித்துவிட்டீர்கள், வாரண்டி செல்லாது.

எங்கள் ஊரில் முப்பது வருடமாக நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் சவுண்ட் சர்வீஸ் வைக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரை வரச் சொன்னேன். ஒரு திருகைக்கூட அவர் கழற்றவில்லை. பின்பக்க முனைகளில் மீட்டரை வைத்தார். நல்ல ஸ்பீக்கர் 3.2 ஓம் காட்டியது, கெட்டது 6.4 காட்டியது. ஒவ்வொன்றிலும் அடிநாதம் தரும் வூஃபர்கள் இரண்டு இணையாகக் கோத்திருப்பதால், தடை சரியாக இரட்டித்தால் ஒன்றில் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். உச்ச ஒலி தரும் ட்வீட்டருக்கு முன்னால், மீட்டரின் நேர்மின்சாரத்தை விடாத கெப்பாசிட்டர் இருப்பதால் அது இந்தக் கணக்கில் வராது. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து அதே முனைகளில் தொட்டார். மேல் கோன் முன்னால் குதித்தது. கீழ்க் கோன் அசையவில்லை. அடுத்து, காற்று வரும் துளையில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "காயில் கருகியிருந்தா வாசமே காட்டிக் குடுத்துருமுங் தம்பி. இது ஒயர் விட்டிருக்குதுங்க" என்றார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆம்ப்ளிஃபயர் திணறினால் அலையின் முகடு வெட்டுப்பட்டு உச்ச அதிர்வெண்களில் சக்தி கூடும். அப்படி ஆனால் பெரும்பாலும் முதலில் போவது ட்வீட்டர். என் ட்வீட்டர்கள் இரண்டும் நன்றாகவே பாடிக்கொண்டிருந்தன. இதையெல்லாம் மீட்டரின் படங்களோடு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஈரோட்டு ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம் என்பதையும், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை என்பதையும் கடைசிப் பத்தியில் சேர்த்தேன். ஒன்பதாம் நாள் போன் வந்தது. குரலில் திடீரென்று அத்தனை மரியாதை.

அதன்பிறகும் லேசில் முடியவில்லை. ஸ்பீக்கர் மும்பைக்குப் போக வேண்டும், அதுவும் அதன் சொந்தப் பெட்டியில் போக வேண்டும் என்றார்கள். பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டு மாதங்கள் ஆகியிருந்தன (வீட்டில் இடத்தை அடைக்கிறது என்ற பேச்சு தாங்காமல் போட்டது). ஆசாரியிடம் 2,800 ரூபாய்க்குப் பலகைப் பெட்டி செய்வித்து, முப்பது கிலோவை லாரி பார்சலில் ஏற்றினேன். நான்கு மாதம் ஒற்றை ஸ்பீக்கரோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த சீட்டில், உள்ஒயர் பற்றவைத்த இடத்தில் விட்டுப்போயிருந்ததாகவும் வூஃபரை மாற்றிவிட்டதாகவும் ஒரே வரி இருந்தது.

அந்த ஸ்பீக்கரின் ஒலியில் எனக்கு இன்றும் ஒரு குறையும் இல்லை. மூச்சிழுப்பதுகூடக் கேட்கும். ஆனால் இரண்டரை லட்சத்தில் எவ்வளவு மரத்துக்கும் காந்தத்துக்கும் போனது, எவ்வளவு கடைக்காரரின் பங்கு என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பங்கு வந்து பார்ப்பதற்கும், அறையை அளப்பதற்கும், கெட்டால் பொறுப்பேற்பதற்கும் கொடுத்த கூலி. வெளிநாட்டிலிருந்து ஆள் மூலம் வரவழைப்பவர்கள் அந்தக் கூலியைக் கொடுப்பதில்லை, சேவையையும் எதிர்பார்ப்பதில்லை. அது நேர்மையான கணக்கு. நான் கூலியைக் கொடுத்துவிட்டு, வேலையைச் சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் இலவசமாக வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் கோபியிலிருந்து நண்பர் ஒருவர் ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பியபோது நானும் உடன் போனேன். இது வேறு கடை. கடைக்காரர் அறையின் நீள அகலத்தைக் கேட்டார், மேலே ஓடா கான்கிரீட்டா என்று கேட்டார், தன்னிடமிருந்த ஜோடியை இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். வூஃபர் போனால் எத்தனை நாளில், யார் செலவில் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, பில்லின் பின்பக்கத்தில் "21 நாள், எங்கள் செலவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்றோரிடம் விசாரித்ததைவிட விலை 12,000 ரூபாய் கூடுதல். நண்பர் என் முகத்தைப் பார்த்தார். நான் பில்லைத் திருப்பி அந்தக் கையெழுத்தை இன்னொரு முறை படித்தேன். பேரம் பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு, காலிப் பெட்டிகள் இரண்டையும் வண்டியில் பத்திரமாக ஏற்றினோம்.