கேம்செல் போட்ட 59 கோல்

ஞாயிற்றுக்கிழமை வினாடி வினாவில் நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன். வீடியோவுக்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

இங்கிலாந்து கால்பந்து லீக்கில் ஒரே சீசனில் அதிக கோல் போட்டவர் யார் என்பது கேள்வி. டிக்ஸி டீன், எவர்டன் கிளப், 1927-28, 60 கோல். சரியான பதில்தான். நான் எழுந்து, "அதற்கு முந்தைய சீசனில் மிடில்ஸ்பரோ கிளப்பின் ஜார்ஜ் கேம்செல் 59 போட்டிருந்தார், அவர் பெயரையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். மைக் வைத்திருந்தவர் சொன்னார்: "அதெல்லாம் கரி வெட்டுறவன் கரி வெட்டுறவனுக்கு எதிரா போட்ட கோல் சார், கணக்குலயே வராது." அரங்கமே சிரித்தது.

ஆமாம், கேம்செல் கரி வெட்டியவர்தான். டர்ஹாம் மாவட்டத்தில் ஃப்ராம்வெல்கேட் மூர் என்ற ஊரில் 1902-இல் பிறந்தவர். சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு டர்ஹாம் சிட்டிக்கு ஆடினார், 1925-இல் மிடில்ஸ்பரோவுக்கு வந்தார். 1926-27 சீசன் தொடங்கியபோது முதல் சில ஆட்டங்களில் அவர் அணியிலேயே இல்லை. மொத்தம் 42 ஆட்டத்தில் அவர் இறங்கியது 37-இல். அதில் 59 கோல், 9 ஹாட்ரிக், அதாவது ஒன்பது ஆட்டத்தில் மூன்றோ அதற்கு மேலோ கோல். கிறிஸ்துமஸ் அன்று மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் 5-3 என்று ஜெயித்தார்கள், அந்த ஐந்தும் அவர் போட்டவை. சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய உடம்பு ஐயா அது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"அது இரண்டாம் டிவிஷன்தானே" என்று பின்னூட்டத்தில் இரண்டு பேர். சரி, லீக்கின் இரண்டாவது படிதான். மேலே ஏறி அடுத்த சீசனில் முதல் டிவிஷனில் 33 கோல் போட்டாரே, அதை ஏன் சொல்லவில்லை? அந்த வருஷம் அணி கடைசி இடத்தில் முடிந்து மறுபடி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. இறங்கும் அணியில் நின்றுகொண்டு 33 கோல்.

இன்னொருவர் ஆஃப்சைடு விதியைக் கொண்டுவந்தார். இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். 1925 வரை பந்து வாங்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியில் மூன்று பேர் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆஃப்சைடு, ஆட்டம் நிறுத்தப்படும். அந்த ஆண்டு அதை இரண்டாகக் குறைத்தார்கள். தடுப்பவர்களுக்கு எப்படி நிற்பது என்று புரியவே கொஞ்ச காலம் ஆனது, கோல்கள் கொட்டின. ஆனால் விதி எல்லோருக்கும்தானே மாறியது? லீக்கில் கோல் போடவே முன்னால் நின்ற எல்லா சென்டர் ஃபார்வர்டும் 59 போட்டார்களா?

இவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இங்கிலாந்து அணிக் கணக்கைத்தான். கேம்செல் நாட்டுக்காக ஆடியது 9 ஆட்டம், போட்டது 18 கோல். ஒன்பதில் ஒன்றில்கூட வெறுங்கையோடு திரும்பவில்லை. 1929-இல் பாரிஸில் பிரான்ஸுக்கு எதிராக இரண்டு, இரண்டே நாள் கழித்து பிரசல்ஸில் பெல்ஜியத்துக்கு எதிராக நான்கு. 1935 டிசம்பரில் லண்டனில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு. கடைசி ஆட்டம் 1936-இல், அதிலும் ஒரு கோல். டீன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அவர் மகா ஆட்டக்காரர். அவரும் இங்கிலாந்துக்குப் போட்டது 18 கோல்தான், 16 ஆட்டத்தில். அந்த டீன் இருந்த காலத்தில் பிறந்ததுதான் கேம்செல்லுக்குக் கஷ்டமாகப் போனது. ஏழு வருஷத்தில் ஒன்பதே அழைப்பு.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டிலும் கேட்டார்கள். அப்பா மில்லில் ஷிப்ட் முடித்துவிட்டு ஆடப் போவார். தோல் பந்து, வாயை நாடா போட்டு இறுக்கிக் கட்டியிருக்கும். மழையில் நனைந்தால் தண்ணீரை உறிஞ்சிக் கல்லாகக் கனக்கும். அதைத் தலையால் முட்டிவிட்டு, நெற்றியில் நாடா கிழித்த கோட்டோடு வீட்டுக்கு வருவார். அம்மா திட்டிக்கொண்டே மஞ்சள் வைப்பாள். அப்பா எத்தனை கோல் போட்டார் என்று எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. நான் கேட்டபோது அவருக்கும் எண்ணிக்கை தெரியவில்லை. கேம்செல்லுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்: மிடில்ஸ்பரோவுக்காக லீக்கில் 418 ஆட்டம், 325 கோல். எழுதி வைத்ததையும் கணக்கில் வராது என்று சொன்னால், எழுதி வைக்காதவர்களை என்ன சொல்வீர்கள்?

"அந்தக் காலத்து ஆட்டக்காரரை இன்றைக்கு இறக்கினால் ஓடவே முடியாது" என்றும் ஒருவர். இன்றைய ஆட்டக்காரரை அன்றைக்கு அனுப்புங்களேன். மாற்று ஆட்டக்காரர் கிடையாது, அடிபட்டால் நொண்டிக்கொண்டே ஆட வேண்டும். எவ்வளவு கோல் போட்டாலும் சீசனில் வாரச் சம்பளம் 8 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று லீக் விதியே இருந்தது. சம்பள உச்சவரம்பு என்பதே 1961-இல்தான் போனது. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விட்டால்தான் வேறு இடம் போக முடியும். பத்து சீசன் தொடர்ந்து அணியிலேயே அதிக கோல் போட்டவராக இருந்தவருக்கும் அதே கதிதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் அவர் அதே கிளப்பில் வேலை பார்த்தார், 1963 வரை. 1966 மார்ச்சில் இறந்தார். நான்கு மாதம் கழித்து, அவர் கோல் போட்ட அதே மிடில்ஸ்பரோ மைதானமான அயர்சம் பார்க்கில் உலகக் கோப்பை ஆட்டம் நடந்தது, வட கொரியா இத்தாலியை வீழ்த்தியது. அந்த ஆட்டம் உங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும்.

விஷயத்தை விட்டு விலகிவிட்டேன் என்பீர்கள். விலகவில்லை. ஒரு மனிதர் 59 கோல் போட்டார், அவர் கரி வெட்டியவர் என்பதால் சிரித்தீர்கள். அதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு வினாடி வினா இருக்கிறதாம். 9 ஆட்டத்தில் 18 கோல் போட்டவர் யார் என்று அதே மைக்கில் கேளுங்கள், பதிலையும் அதே மைக்கில் சொல்லுங்கள். அதுவரை நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்.