ஒரு விரல் கிரீஸ் வைக்க வலிக்குதா?

ஏன்யா, ஒரு போல்ட்டப் பூட்டுறதுக்கு முன்னாடி மரையில ஒரு விரல் கிரீஸ் தடவ எவ்வளவு நேரம் ஆகும்? பத்து செகண்ட் ஆகுமா? அந்தப் பத்து செகண்ட எவனோ மிச்சம் பிடிச்சதுக்கு நான் இங்க மண்டபம் ஊருல என் வீட்டு வாசல்ல, வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்து, கண்ணுல துருத்தூள் விழ விழ கெடக்குறேன். எரியுது வயிறு.

வண்டி பழைய மாருதி 800. கிளட்ச் நழுவுது, பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துக் கூடு) அடியில எண்ணெய் சொட்டுது, அப்ப கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போயிருச்சு. இது பத்தாதுன்னு இன்ஜின் பிளாக்ல இருக்கிற தகட்டு மூடிய துரு தின்னு தண்ணி வேற கசியுது. சரி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒண்ணா இறக்கிடுவோம்னு முடிவு பண்ணோம். பேனட்டக் கழட்டி, பேட்டரி எடுத்து, ரேடியேட்டர் தண்ணியும் கியர் ஆயிலும் வடிச்சு, ஒவ்வொரு வயர் கப்ளருக்கும் டேப் ஒட்டி நம்பர் போட்டு, இரும்பு பைப் முக்காலி கட்டி செயின் பிளாக் மாட்டி, பாடிய ஸ்டாண்டுல நிறுத்தியாச்சு (வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடியில போறவன் யாரா இருந்தாலும் தயவுசெஞ்சு போகாதீங்க). இதெல்லாம் மெனக்கெட்ட வேலைதான், ஆனா பொறுமையா செஞ்சா வந்துரும். வராதது போல்ட்டுதான்.

சக்கரத்து நடுவுல இருக்கிற ஹப் நட்டப் பார்த்தா மூலை மூலையா உளி வெட்டு. சாக்கெட் போட்டு நீளக் கம்பி மாட்டிக் கழட்ட வேண்டிய நட்ட உளி வச்சு அடிச்சிருக்கானுங்க, இப்ப எந்த சாக்கெட்டும் உக்கார மாட்டேங்குது. சைலன்சர் மேனிபோல்ட் ஸ்டட்டுல (தலையில்லாத போல்ட்டு) ஒண்ணு ஏற்கனவே உடைஞ்சிருக்கு, அதுக்கு மேல ஒரு நட்ட சும்மா ஒட்டி வச்சு கரி பூசி மறைச்சிருக்கானுங்க. உடைஞ்சா உடைஞ்சதுன்னு சொல்லிட்டுப் போயேன்யா, யாரு உன்னத் தூக்குல போடப் போறா?

இதையெல்லாம் விடுங்க. கியர்பாக்ஸையும் இன்ஜினையும் சேர்க்கிற போல்ட்டு இருக்கே, அதுல ஒண்ணு 17 ஸ்பேனர் தலை! சுத்தி இருக்கிற மத்ததெல்லாம் 14. அதாவது பழைய போல்ட்ட தொலைச்சுட்டு ஹார்டுவேர் கடையில ஏதோ ஒரு 10 எம்எம் போல்ட்ட வாங்கி அடிச்சு ஏத்திருக்காங்க. இந்த ஜப்பான் டிசைன் வண்டிகள்ல 10 எம்எம் போல்ட்டுக்கு மரை பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.25 எம்எம், நம்ம ஹார்டுவேர் கடையில சாதாரணமா கிடைக்கிறது 1.5, ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி தெரியும், மொத ரெண்டு சுத்து ஏறவும் ஏறும், அப்புறம் இறுகும், அங்கதான் நிறுத்தி என்னன்னு யோசிக்கணும், ஆனா இதப் பூட்டுன மெக்கானிக் பைப்பப் போட்டு முறுக்கிருக்காரு. கழட்டினேன், போல்ட்டோட சேர்ந்து ஸ்பிரிங் மாதிரி சுருண்டு மொத்த மரையும் வெளிய வந்துருச்சு. இனி அத லேத் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போய் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலா வைக்கிற கம்பிச் சுருள்) வைக்கணும். ரெண்டையும் நேரா உக்கார வைக்கிற டோவல் பின்ல ஒண்ண வேற காணோம். கியர்பாக்ஸ் நேரா உக்காராம ஓடினா இன்புட் ஷாப்ட் சீலும் பேரிங்கும் எப்படிய்யா தாங்கும்?

கடைசியா கிளட்ச் வேலை பார்த்த ராம்நாடு ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டுக் கேட்டேன். "தம்பி, கடக்கரை வண்டின்னா அப்படித்தான் இருக்கும், கேஸ் வச்சு சுட்டு எடுங்க"ங்கிறாரு கூலா. அப்ப வந்தது பாருங்க ஆத்திரம்.

கடக்கரைதான்யா. நாங்க என்ன நேத்தா இங்க குடி வந்தோம்? கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசத்துல தென்கடல் பக்கம் நிறுத்துன வண்டி கண்ணாடிய விரலால தொட்டு நாக்குல வச்சா கரிக்கும். தனுஷ்கோடி ரோட்டுல ஒரு தடவை போயிட்டு வந்தா அடித்தட்டு பூரா உப்பு. அதக் கழுவலாம்னா வீட்டு போர் தண்ணியும் உப்பு, சர்வீஸ் ஸ்டேஷன்ல அடிக்கிற தண்ணியும் அதே உப்பு, காவிரித் தண்ணி குடிக்கவே பத்தல. அந்த போர் தண்ணியத்தான் கூலன்ட்டுக்கு பதிலா ரேடியேட்டர்லயும் ஊத்திருக்காங்க. பிளாக் மூடி பின்ன எப்படி ஓட்டை விழாம இருக்கும்?

இரும்பு போல்ட்டும் அலுமினிய ஹவுசிங்கும் தொட்டுக்கிட்டு நடுவுல உப்பு ஈரமும் இருந்தா அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி மரைக்குள்ள இறுகி போல்ட்டப் பிடிச்சுக்கும். பாம்பன்ல 1914ல திறந்த ரயில் பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில நிறுத்திட்டாங்க, அரிப்பு அந்த அளவுக்கு. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி, பாலிசிலாக்ஸேன் பெயிண்ட்டுன்னு பார்த்துப் பார்த்துப் பண்ணிருக்காங்க. ஏன்? உப்புன்னு தெரியும், அதனால. உப்பு இருக்குன்னு தெரிஞ்சவன் கூடுதலா ரெண்டு வேலை பார்ப்பான், கார் மெக்கானிக்குங்களே, உங்களுக்கு மட்டும் அதே உப்பு வேலை பார்க்காம இருக்க சாக்கா?

படகுத் துறை பக்கம் போய் விசைப்படகு மெக்கானிக் அண்ணன்மாரப் பாருங்க. அவங்க கிரீஸ் டப்பா இல்லாம நட்டத் தொட மாட்டாங்க, ஏன்னா அடுத்த தடவை அதே நட்ட நடுக்கடல்ல வச்சுக் கழட்ட வேண்டி வரலாம். அதே ஊரு, அதே காத்து. ரோட்ட தாண்டுனா கார் ஒர்க்‌ஷாப்புல காஞ்ச போல்ட்ட இம்பாக்ட் கன்ல டர்ர்னு ஏத்தி அனுப்புறாங்க. எல்லா போல்ட்டுக்கும் கிரீஸ் கேக்கல, வீல் நட்டுக்கு வேணாம், பிளைவீல் போல்ட்டுக்கு லாக்டைட் (போல்ட் தளராம இருக்கப் போடுற பசை) போடணும்னா அதப் போடு. மவுண்டிங், பெல் ஹவுசிங், சைலன்சர், கடல் காத்து படுற இடத்துக்கு ஆன்டி சீஸ் (போல்ட் துருப்பிடிச்சு இறுகாம இருக்கத் தடவுற கிரீஸ்) தடவு, அவ்வளவுதான் கேக்குறேன். காசு வேணும்னா பில்லுல தனியாப் போட்டுக்கோ, சந்தோஷமாத் தர்றேன்.

இப்ப இன்ஜின் சங்கிலியில தொங்குது, உடைஞ்ச ஸ்டட்டுக்கு டீசல் ஊத்தி ஊற வச்சிருக்கேன். ராம்நாடு, கீழக்கரை, பரமக்குடி எங்கயாவது 10 எம்எம் 1.25 பிட்ச், 14 தலை, 8.8 கிரேடு (போல்ட்டோட பலத்தச் சொல்ற நம்பர்) போல்ட் உண்மையிலேயே ஸ்டாக் வச்சிருக்கிற கடை தெரிஞ்சா சொல்லுங்கப்பா. "எல்லாம் ஒண்ணுதான் தம்பி"னு 1.5ஐ எடுத்து நீட்டுற கடை வேணாம், அங்க போயாச்சு.