நீங்கதானே ஓட்டிட்டு வந்தீங்க?

வீல்சேரில் போகிற நான் ஞாயிற்றுக்கிழமை மால் பார்க்கிங்கில் மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தைக் கேட்டபோது நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடி முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. அந்த செக்யூரிட்டி தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. சம்பளத்துக்கு நிற்கிற பையன். "சார், நீங்கதானே காரை ஓட்டிட்டு வந்தீங்க? அப்புறம் எதுக்கு ஹேண்டிகேப் பார்க்கிங்?" என்று அவன் கேட்டதை "லாஜிக்கா சரிதானே" என்று என் போஸ்டுக்குக் கீழே வந்து வழிமொழிந்த படித்த பெரியவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

சரி, லாஜிக்காகவே பேசுவோம். ஓட்டுவது வேறு, இறங்குவது வேறு. ஓட்டக் கை போதும். இறங்க இடம் வேண்டும்.

என்னுடையது ஆட்டோமேட்டிக் கார், கிளட்ச் கிடையாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கம்பி இருக்கிறது. முன்னால் தள்ளினால் பிரேக், என் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலரேட்டர். அது இடது கைக்கு. ஸ்டீயரிங் மேலே ஒரு குமிழ், அது வலது கைக்கு. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குக் கால் சில நேரம் தானாகத் துள்ளும், அது பெடலில் பட்டுவிடாமல் இருக்க நடுவில் ஒரு தகடு. அண்ணன் ஓட்டும்போது தகட்டைக் கழற்றிவிட்டால் போதும், பழைய கார்தான். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

இறங்குவதுதான் வேலை. கதவை முழுசாகத் திறக்க வேண்டும். சீட்டைச் சாய்த்து, பக்கத்து சீட்டில் கிடக்கும் வீல்சேர் சட்டத்தை என் நெஞ்சுக்கு மேலாகத் தூக்கி வெளியே வைத்து, சக்கரம் இரண்டையும் ஒவ்வொன்றாக மாட்டி, குஷனைப் போட்டு, அப்புறம் கையை ஊன்றி உடம்பை நகர்த்த வேண்டும். குஷன் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் படுக்கைப்புண் வரும், வந்தால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்கை. பக்கத்துக் கார் ஒட்டி நின்றால் இதில் ஒன்றுகூட நடக்காது. 3.6 மீட்டர் அகலம் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட வசதி பற்றிய மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளில் சும்மா எழுதிவைக்கவில்லை. போன தை மாதம் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், என் கதவை ஒட்டி நிறுத்திவிட்டுப் போன புண்ணியவான் பந்தி முடித்து, வெற்றிலை போட்டு, பொண்ணு மாப்பிள்ளையோடு போட்டோவும் எடுத்துக்கொண்டு வரும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தேன். "ஐயோ, பாக்கல சார்" என்றார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

வழிகாட்டு நெறி என்றதும் ஒரு வக்கீல் நண்பர் "அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை" என்று பாயிண்ட் பிடித்தார். பொது இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி கேட்டுப் போட்ட ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிடித்ததும் இதே ஓட்டையைத்தான் சார். பரிந்துரையாக விட்டது தப்பு, கட்டாய விதியாகக் கொண்டு வாருங்கள் என்றது. நீங்கள் ஓட்டைக்குக் காவல் நிற்கிறீர்கள்.

அடுத்தது, "டிரைவர் போட்டுக்கலாமே". அக்கறையோடு சொன்னவர்கள்தான் அதிகம், தெரியும். ஆனால் எனக்கு இது புதுசு இல்லை. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே வீட்டில் கூடிப் பேசி என் காரை விற்றுவிட்டார்கள். "சும்மா நின்னா பேட்டரி போயிடும்டா, இனிமே உனக்கு எதுக்கு" என்றார் சித்தப்பா. யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் என் நல்லதுக்குத்தான் செய்தார்கள். அதற்கப்புறம் கடைக்குப் போகவேண்டுமானாலும் யாருக்கு எப்போது ஓய்வு என்று பார்த்துக் கிளம்புகிற வாழ்க்கை. மச்சான் வண்டி எடுப்பார், எடுக்கும்போதே வாட்சைப் பார்ப்பார். அந்த வாட்ச் பார்வை உங்களுக்குப் புரியாது. டிரைவர் சம்பளம் நான் தரமாட்டேன் என்றா சொன்னேன்? ராத்திரி பதினோரு மணிக்குக் காரணமே இல்லாமல் ஈசிஆர் பக்கம் ஒரு சுற்றுப் போய்வரத் தோன்றினால் டிரைவரிடம் என்ன காரணம் சொல்வது?

மறுபடி ஓட்ட ஆரம்பித்ததும் சுலபமாக நடக்கவில்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, மாற்றியமைத்த வாகனத்தைத் தனி வகையாகவே சேர்த்துவிட்டார்கள். சட்டம் தெளிவு. ஆர்டிஓ ஆபீசில்? "மாத்தின காரைக் கொண்டுவந்து காட்டு, அப்புறம் லைசென்ஸ்." லைசென்ஸ் இல்லாமல் காரை எப்படி ஓட்டிவருவது என்றால், "அது உங்க பிரச்சினை." கடைசியில் ஒரு நல்ல பிரேக் இன்ஸ்பெக்டர் கிடைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, திடீரென்று "நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். கையெழுத்துப் போட்டார். "இவங்கள்லாம் ரோட்டுக்கு வந்தா எங்க உயிருக்கு யார் பொறுப்பு" என்று கேட்டவருக்கு இதற்கு மேல் பதில் கிடையாது. இரண்டு காலும் நன்றாக இருந்து, ஒரு கையில் போனோடு ஓட்டுகிறவர்களை முதலில் கேளுங்கள்.

ஓட்டுவது வேறு, இறங்குவது வேறு. இன்னும் எத்தனை தடவை சொல்ல? நான் வீல்சேர் பழகியது வேலூர் பாகாயத்தில், சிஎம்சி ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு மையத்தில். அந்த மையம் உருவாகக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அப்புறம் வீல்சேரில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்தார். "நீங்கதானே ஆபரேஷன் பண்றீங்க, அப்புறம் எதுக்கு வீல்சேர்?" என்று அவரிடமும் யாராவது லாஜிக் பேசியிருப்பார்களோ என்னவோ.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2023 டிசம்பரில் கேரளாவில் இரண்டு கையும் இல்லாத ஜிலுமோள் என்ற பெண் காலால் ஓட்டி லைசென்ஸ் வாங்கியபோது அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. "தன்னம்பிக்கை!", "தலைவணங்குகிறேன்!" கை இல்லாமல் ஓட்டினால் தலை வணங்குவீர்கள், ஓட்டி முடித்து இறங்க இடம் கேட்டால் லாஜிக் பேசுவீர்கள். அன்று மூன்று ஹார்ட் போட்ட என் பழைய ஆபீஸ் நண்பர்தான் நேற்று "எல்லாத்துக்கும் சண்டை போடணுமா ப்ரோ" என்று எழுதியிருக்கிறார். நான் ஐசியூவில் கிடந்தபோது வாசலில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தவர். அதனால்தான் வலிக்கிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் பிளாக் பண்ணிவிட்டுப் போயிருப்பேன்.

ஆமாம் ப்ரோ, போடணும். மால் நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் நகல் போயிருக்கிறது. "பையன் வேலை போயிடும், வாபஸ் வாங்குங்க" என்று இன்பாக்ஸில் வருகிறவர்களுக்கு: புகாரில் பையன் பெயரே இல்லை. படித்துவிட்டு வாருங்கள்.