அவ்ரோவுக்கு எங்கட ஊரில வேற பேர்

அக்கான்ர மகனுக்கு 19 வயசு, பிளேன் எண்டால் பைத்தியம். ரெண்டு கிழமைக்கு முதல் ஒரு கொப்பியோட வந்து, மாமா இதை ஒருக்காப் பாருங்கோ எண்டான். இலங்கை விமானப்படையின்ர 2ஆம் இலக்கப் போக்குவரத்து ஸ்குவாட்ரன்ர கதை. 1951 மார்ச் 2ல றோயல் சிலோன் எயார் ஃபோஸ் எண்டு படை துவங்கினது, 50களில வந்த டவ், ஹெரன் எண்ட சின்னப் பிளேனுகள், பிறகு அவ்ரோ, 87ல சீனாவின்ர வை-8, 95ல அன்ரனோவ்-32, கடைசியா பிரிட்டிஷ்காரர் பாவிச்சுப்போட்டுக் குடுத்த சி-130. எதுக்கு எத்தினை எஞ்சின், எத்தினை ரொன் தூக்கும், எல்லாம் வடிவா எழுதி வச்சிருக்கிறான். ஒண்டிலயும் பிழை சொல்ல ஏலாது.

வாசிச்சு முடிச்சுப்போட்டுக் கேட்டன், தம்பி இதில சகடை எங்க எண்டு. அவனுக்கு விளங்கேல்லை. சகடை எண்ட சொல்லையே அவன் கேள்விப்படேல்லை. யாழ்ப்பாணத்தில பிறந்து யாழ்ப்பாணத்தில வளர்ந்த பொடியன்! அண்டைக்கு ராத்திரி எனக்கு நித்திரை வரேல்லை, அதுதான் இதை எழுதுறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அவ்ரோவைத்தான் நாங்கள் சகடை எண்டனாங்கள். பிறகு வை-8 வந்தாப்போல அதையும் சகடை எண்டே சொன்னம். 90ல ஆமிக்கும் புலியளுக்கும் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நடந்த நேரம் உரும்பிராயில எங்கட வளவில பங்கர் வெட்டி, மேல பனங்குத்தி அடுக்கி, அம்மான்ர பழைய சீலையளில மண் நிரப்பி மூட்டை கட்டி வச்சிருந்தனாங்கள். எனக்கு அப்ப 15 வயசு. ஹெலி எண்டால் ஒரு சத்தம், பொம்மர் குத்தினால் வேற சத்தம். சகடை அப்பிடியில்லை, அது நல்லா உயரத்தில ஆறுதலா நிண்டு சுத்தும். அதின்ர றோல்ஸ் றொய்ஸ் டாட் எஞ்சினுக்கு ஒரு கூவல் இருக்கு, மெல்லிசா இழுத்துக்கொண்டு வரும். அந்தக் கூவலை எங்களுக்கு முதல் நாய் கேட்டிடும், அது எழும்பி ஓடினால் அம்மம்மா அடுப்பை நூத்துப்போட்டு எங்களையும் இழுத்துக்கொண்டு ஓடுவா. சாமான் ஏத்தப் பிறந்த பிளேன் அது, குண்டு போடுறதுக்கான குறிபாக்கிற கருவியோ, குண்டு கொழுவிற கொக்கியோ அதுக்கில்லை. பீப்பாவுக்குள்ள வெடிமருந்தை அடைச்சு கதவடிக்குக் கொண்டுவந்து உருட்டி விடுறதுதான். எங்க விழும் எண்டு உருட்டி விட்டவனுக்கே தெரியாது. அதாலதான் சகடைக்குப் பயம் கூட. பொம்மர் ஏதோ ஒண்டைப் பாத்துத்தான் குத்தும், சகடையின்ர சாமான் ஆற்ற தலையிலயும் விழலாம்.

மருமகன்ர கொப்பியில இதுக்கு ஒரு வரிதான். ‘தேவையேற்பட்டபோது குண்டுவீச்சுக்கும் பயன்பட்டது.’ அவன்ர பிழை இல்லை, அவன் வாசிச்ச இடமெல்லாம் அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு. ஒரு ஸ்குவாட்ரன்ர வரலாறு எண்டால் அதை ஓட்டினவையின்ர வரலாறு மட்டும்தான் எண்டு எழுதிப் பழகியாச்சு. பிளேன் மேல எவ்வளவு நேரம் நிண்டது எண்டு லொக் புக்கில இருக்கும். கீழ பங்கருக்குள்ள நாங்கள் எவ்வளவு நேரம் நிண்டம் எண்டு ஆர் எழுதி வச்சது?

இதைச் சொல்லேக்க எல்லாப் பிளேனையும் ஒரே மாதிரிச் சொல்லுறனெண்டு நினைக்காதேங்கோ, எங்கட வானத்தில வேற போக்குவரத்துப் பிளேனுகளும் வந்தது. 1987 மே 26ல வடமராச்சியில இலங்கை ஆமியின்ர ஒபரேசன் லிபரேசன் துவங்கினாப்பிறகு ஜூன் 3ல றாமேஸ்வரம் பக்கமிருந்து சாப்பாட்டுச் சாமானோட வந்த படகுகளை இலங்கை நேவி மறிச்சுத் திருப்பி அனுப்பிப் போட்டுது. அடுத்தநாள் ஜூன் 4, பின்னேரம், பெங்களூரில இருந்து இந்திய விமானப்படையின்ர 5 அன்ரனோவ்-32 வெளிக்கிட்டு வந்தது, காவலுக்கு மிராஜ் 2000 பக்கத்தில. ஒபரேசன் பூமாலை எண்டு பேர். நாங்கள் கிணத்தடியில நிண்டனாங்கள். சத்தம் கேட்டதும் பழக்கத்தில பங்கருக்கு ஓடினம், பிறகு ஆரோ ஒழுங்கையில நிண்டு பரசூட் பரசூட் எண்டு கத்த வெளிய வந்து பாத்தம். எனக்கு 12 வயசு, வானத்தில இருந்து நல்லது விழுறதை முதல்முதல் பாத்தது அண்டைக்குத்தான். அம்மம்மா அந்தப் பக்கம் பாத்துக் கும்பிட்டவ.

மொத்தம் 25 ரொன்தான் போட்டது. 81ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கில யாழ் மாவட்டத்தில 8 இலட்சத்துக்கு மேல சனம், பிரிச்சுப் பாத்தால் ஆளுக்கு 30 கிராம் வரும், ஒரு சின்னக் கை அரிசி. பசியைத் தீர்க்கிறதுக்கு அது காணாது எண்டு போட்டவைக்கும் தெரியும், வாங்கின எங்களுக்கும் தெரியும், அது கொழும்புக்குச் சொன்ன செய்தி. எண்டாலும் அந்த 30 கிராமை நான் குறைச்சுக் கதைக்க மாட்டன், அந்த ஒரு கிழமை எங்கட ஒழுங்கைச் சனம் நடந்த நடையே வேற.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். சரியா 55 நாளில, ஜூலை 29ல இந்திய-இலங்கை ஒப்பந்தம். அதே அன்ரனோவ்-32, அதோட பெரிய இல்யூசின்-76 எல்லாம் பலாலியில வந்து இறங்கி இந்திய ஆமியை இறக்கிச்சுது. நாங்கள் கோயில் மாலையோட ரோட்டில நிண்டனாங்கள். ஒக்ரோபரில அந்த ஆமிக்கும் புலியளுக்கும் சண்டை. அந்த அன்ரனோவைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேணும், லடாக் மாதிரி உயரமான மலை ஓடுபாதையளில இருந்தும் எழும்பவேணும் எண்டு 5000 குதிரை வலு எஞ்சின் ரெண்டைச் செட்டைக்கு மேல தூக்கி வச்சுச் செய்தது, இந்தியாவில அதுக்கு சட்லெஜ் எண்டு ஆத்தின்ர பேரும் வச்சவை. ஜூனில அரிசி போட்ட அதே பிளேன், ஒக்ரோபரில ஷெல்லும் கொண்டுவந்து இறக்கினது. பிளேனில ஒரு மாற்றமும் இல்லை.

95 ஏப்ரலையும் சொல்லத்தான் வேணும். 28ஆம் திகதி பலாலிக்குக் கிட்ட ஒரு அவ்ரோவை ஏவுகணை அடிச்சு விழுத்தினது, அடுத்தநாள் 29ல மற்றது. ரெண்டிலயும் சேத்து 90 பேருக்கு மேல முடிஞ்சுது. சகடை விழுந்திட்டுது எண்டு ஊரில கன பேர் சந்தோசப்பட்டவை, நானும்தான், 20 வயசு, மறைக்கேல்லை. அதுக்குள்ள இருந்ததில கனபேர் ஆமிக்காரர், லீவில போய் வாறவையும் இருந்திருப்பினம், அவையையும் ஆரோ ஒரு தாய் கொழும்பில பாத்துக்கொண்டு இருந்திருப்பா எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை. 98 செப்ரெம்பர் 29ல பலாலியில இருந்து றத்மலானைக்குப் போன லயன் எயார் அன்ரனோவ்-24 இரணைதீவுப் பக்கம் கடலில விழுந்து 55 பேரும் போனாப்பிறகுதான் விளங்கினது, அதில போனது எங்கட சனம். தரைப்பாதை இல்லாத ஊரில பிளேன்தான் பாதை, அந்தப் பாதையில ஆமியும் போகும், ஒப்பரேசனுக்குப் போற நோயாளியும் போகும், விசாவுக்குப் போற பிள்ளையும் போகும். ஆக்களைத் தேடி எடுக்க ஏலாமல் எத்தினை குடும்பம் இருந்தது. 2012லதான் உடைஞ்ச பிளேன்ர துண்டுகளைக் கடலுக்கடியில கண்டுபிடிச்சவை.

என்ர கருத்து இதுதான். மருமகன்ர கொப்பி பிழையில்லை, அது அரைவாசி. மற்ற அரைவாசி எங்களிட்டக் கிடக்கு, நாங்கள் சொல்லாமல் வச்சிருக்கிறம். பலாலி ஓடுபாதை ரெண்டாம் உலகப் போரில பிரிட்டிஷ் விமானப்படைக்குப் போட்டது, 1947 டிசம்பர் 10ல எயார் சிலோன்ர முதல் பயணமே றத்மலானையில இருந்து இஞ்ச வந்துதான் மெட்ராஸ் போனது, 2019 ஒக்ரோபரில சர்வதேச விமான நிலையம் எண்டு பேரும் வந்திட்டுது. அங்க ஒரு சுவரில இந்தக் கதையள் இருக்கவேணும் எண்டு நான் ஆசைப்படுறன். பலாலிக்குப் பக்கத்து ஊருகளான வசாவிளான், மயிலிட்டிச் சனம் 90ல எப்பிடி விட்டிட்டு ஓடினது, ஓடுபாதைக்குக் கிட்ட ஆற்ற தோட்டம் இருந்தது எண்டும் இருக்கவேணும். அது நடக்க எத்தினை வருசம் போகுமோ, ஆனால் கேட்டு எழுதுறதுக்கு ஆற்ற அனுமதியும் தேவையில்லை. எங்கட அம்மம்மா காலமாகிப் போட்டா. சத்தத்தைக் கேட்டே இது அவ்ரோ, இது ஹெலி எண்டு சொன்ன கிழவியிட்ட ஒரு வார்த்தை நான் பதிஞ்சு வைக்கேல்லை.

சண்டை முடிஞ்சு கொஞ்ச வருசத்தால அம்மாவைக் கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனன், விமானப்படையின்ர ஹெலிருவேர்ஸ் எண்ட பயணியள் சேவையில, எம்.ஏ.60 எண்ட சீனப் பிளேன். அம்மாவுக்கு யன்னல் சீற். புரொப்பெல்லர் சுத்தத் துவங்கினதும் என்ர கையைப் பிடிச்சவ விடவே இல்லை. மேல எழும்பித் திரும்பேக்க கீழ பாத்தா, பனையும் சிவப்பு மண்ணும் தகரக் கூரையும், எங்கட வீடு எந்தப் பக்கம் எண்டு கேட்டா, காட்டினன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டா, ‘இவ்வளவு சின்னனாவே தம்பி அவைக்கு நாங்கள் தெரிஞ்சிருப்பம்?’

இதை நேற்று மருமகனுக்குச் சொன்னன். அவன் ஒண்டும் கதைக்கேல்லை, கொப்பியை எடுத்து அவ்ரோவுக்கு நேர சகடை எண்டு எழுதினான், பிறகு அம்மம்மாவின்ர கதையை முதல்ல இருந்து சொல்லச் சொன்னான். பத்துப் பக்கம் எழுதிப்போட்டான்.

உங்களிட்ட ஒரு உதவி. 87 ஜூன் 4ல விழுந்த பரசூட் துணியைக் கன பேர் எடுத்து வச்சிருந்தவை, சட்டை தைச்சது, பந்தலுக்குக் கட்டினது எண்டெல்லாம் கதை கேள்விப்பட்டிருக்கிறன். ஆரிட்டயாவது ஒரு துண்டு இருந்தால் படம் எடுத்துப் போடுங்கோ, எந்த வளவில விழுந்தது எண்டும் எழுதுங்கோ. வீட்டில வயசுபோன ஆக்கள் இருந்தால் சகடைச் சத்தம் எப்பிடி இருந்தது எண்டு கேட்டு ஃபோனில பதிஞ்சு அனுப்புங்கோ, பொடியன் கொப்பியோட இருக்கிறான்.